ஐந்து மணித் தாழ்ப்பாள்

மகளே,

போனில் நீ கேட்ட கேள்விக்கு அப்பா காகிதத்தில் பதில் எழுதுகிறாரே என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். பாராடாங் ஜெட்டியில் நின்று பேசினால் பாதிப் பேச்சு காற்றோடு போகிறது, மீதிப் பாதியில் டூரிஸ்ட் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். போதாததற்கு, போனில் எனக்கு முதலில் கோபம் வரும், அதற்குப் பின்னால்தான் விஷயம் வரும். காகிதத்தில் கோபம் வந்தால் ஒரு கோடு போட்டு அடித்துவிடலாம். இதை மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்து, டிபார்ட்மெண்டுக்குப் பெட்டிஷனா என்று கேட்டுவிட்டுப் போனாள். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பப்போகிறவள் அவள்தான். அனுப்புவதற்கு முன் படித்தும் விடுவாள். படிக்கட்டும், அவளுக்குத் தெரியாதது இதில் அதிகம் இல்லை.

நீ கேட்டது இது. பி.எஸ்சி. முடியப்போகிறது. மேலே படிக்க இரண்டு இடங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று நம் போர்ட் பிளேரில். மின்னி பேயில் உன் சித்தி வீட்டிலிருந்தே போய்வரலாம், சனிக்கிழமை பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம். இன்னொன்று இமயமலைப் பக்கம், கப்பல், ரயில், அதற்குப் பிறகு மலைமேல் பஸ் என்று ஒரு வாரப் பயணம். இந்த மாதக் கடைசிக்குள் ஏதாவது ஒன்றுக்குச் சரி என்று எழுத வேண்டும். "அப்பா, நீங்களே சொல்லுங்க. நீங்க எதச் சொல்லுதீங்களோ அதையே எடுத்துக்கிடுதேன்" என்றாய். இரண்டு பெயரையும் ஒரே மாதிரிக் குரலில் சொல்லப் பார்த்தாய். என் முழங்கால் போய், ஃபெர்ரியின் ஏணி ஏற முடியாமல், என்னைச் சுக்கானிலிருந்து இறக்கி ஜெட்டி வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்பதை அம்மா உன்னிடம் சொல்லிவிட்டாள் என்று அப்போதே தெரிந்துகொண்டேன். பதில் சொல்வதற்கு முன்னால் உனக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீ இப்போது படிக்கும் கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம் நான் உன்னைப் பார்க்க வந்தேனே, அதைப் பற்றி.

ஆனால் அதற்கும் முன்னாலிருந்து தொடங்கினால்தான் எனக்கு வரும். உனக்குப் பதினோரு வயது இருக்கும். நம் ஊர்ச் சேற்று எரிமலையைப் பார்க்க மெயின்லேண்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நெருப்பும் புகையும் எதிர்பார்த்து மூச்சிரைக்க மேடு ஏறுகிறார்கள். ஏறிப் பார்த்தால் முழங்கால் உயர மண்மேடு, அதன் நடுவில் சாம்பல் நிறச் சேறு, அதில் ஒரு குமிழி. இதற்குத்தானா என்று முகம் தொங்கி இரண்டு நிமிஷத்தில் இறங்கிவிடுவார்கள். ஒரு விடுமுறை நாளில் நீ என் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு அதன் பக்கத்தில் மத்தியானம் முழுவதும் உட்கார்ந்திருந்தாய். ஒரு குமிழி உடைந்து அடுத்த குமிழி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று நோட்டில் எழுதினாய். இந்தச் சேறு எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டாய். பாதாளத்திலிருந்து என்றேன். பாதாளம் எத்தனை ஆழம் என்று கேட்டாய். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு நட என்றேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல வெட்கம், அவ்வளவுதான். நீ விடவில்லை. உன் டீச்சரைக் கேட்டாய், காட்டிலாகா ஆளைக் கேட்டாய், மாதா கோயிலில் பூசை முடித்து வந்த சாமியாரைக் கேட்டாய், யாரோ ஒரு வங்காளி டூரிஸ்டையும் மடக்கிக் கேட்டாய். நான் பிறந்ததிலிருந்து அந்த மண்ணின் மேல்தான் நடக்கிறேன். அதற்கு அடியில் ஒன்று இருக்கிறது, அது என்ன என்று கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றியதில்லை. அன்றைக்கு உன் பின்னால் நடந்து வரும்போது, இந்தப் பிள்ளை எங்கள் வீட்டில் எப்படிப் பிறந்தது என்று உண்மையிலேயே திகைத்துப்போனேன். திகைப்பை வெளியே காட்டாமல் செருப்பைச் சேறாக்கியதற்காக உன்னைத் திட்டினேன்.

பிளஸ் டூ முடித்து போர்ட் பிளேரில் அந்த ஹாலுக்குப் போனோம். தீவுப் பிள்ளைகளுக்கு மெயின்லேண்டு கல்லூரிகளில் ஒதுக்கிய இடங்களைத் திரையில் போடுவார்கள். மார்க் வரிசையில் பெயரைக் கூப்பிடுவார்கள், கூப்பிட்டவர் ஒரு இடத்தைச் சொல்வார், அந்த இடம் திரையிலிருந்து போய்விடும். தெலுங்கு, வங்காளம், மலையாளம், தமிழ் என்று எல்லாத் தகப்பன்மார்களும் கழுத்தை நீட்டித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் முதல் நாள் இரவே முடிவு செய்துவிட்டேன். சென்னையில் ஒரு கல்லூரி, துறைமுகத்திலிருந்து நடந்தே போய்விடலாம் என்று விசாரித்து வைத்திருந்தேன். கப்பலிலிருந்து இறங்கினால் கல்லூரி, கல்லூரியிலிருந்து இறங்கினால் கப்பல். என்ன பாடம் என்று நான் பார்க்கவே இல்லை. சிரிக்காதே, நம் ஊரில் பாதித் தகப்பன்கள் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். மெயின்லேண்டு என்றால் எங்களுக்கு ஒரு ஜெட்டி, அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யார் கண்டது? உன் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் சென்னை என்று உன் காதில் சொல்லி அனுப்பினேன். நீ மைக் முன்னால் போய் நின்று, குஜராத்தில், கட்ச் பக்கம், யாரும் தொடாமல் கிடந்த ஒரு இடத்தைச் சொன்னாய். மண்ணையும் கல்லையும் பற்றிய படிப்பு. திரையிலிருந்து அந்த வரி போனது. அன்றைக்கு பாராடாங் வந்து சேரும்வரை நான் உன்னோடு பேசவில்லை. கோபம் என்று நீ நினைத்தாய். கோபம்தான், ஆனால் அதற்கு அடியில் பயம். வரைபடத்தில் பார்த்தால் நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நீ போகிறாய்.

எனக்கு லீவு கிடைக்காததால் போர்ட் பிளேர் டெய்ரி ஃபார்ம் பகுதியிலிருந்து அதே பக்கம் மகனைச் சேர்க்கப் போன ஒரு குடும்பத்தோடு உன்னை அனுப்பினேன். ஹாடோ துறைமுகத்தில் கப்பல் ஏறும்போது உனக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டேன். மாலை மணி அடித்தால் பெண்பிள்ளை வீட்டுக்குள் இருக்க வேண்டும், ஜெபமாலைக்கு எல்லோரும் உட்கார வேண்டும் என்பது தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த என் அப்பா காலத்துச் சட்டம். நம் தீவில் ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அதனால் ஐந்து மணிக்கு அறைக்குள் வந்து எனக்குப் போன் செய்ய வேண்டும் என்றேன். செய்தால் மட்டும் போதாது, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் என் காதில் விழ வேண்டும் என்றேன். இதை இப்போது எழுதும்போது எனக்கே முகம் சுருங்குகிறது. அப்போது எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. காட்டு ரோட்டில் வண்டிகளைக் கூட்டமாக அனுப்பும் கடைசி கான்வாய் போய் ஜெட்டி அடங்கியதும் ஒற்றைப் புள்ளி சிக்னலைத் தேடி நான் படகு கட்டும் கயிற்றுத்தூணில் சாய்ந்து நிற்பேன். ஐந்து மணிக்கு உன் போன் வரும். டக்கென்று தாழ்ப்பாள் சத்தம். அதன் பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

முதல் வாரம் நீ ஒரு தடவை சொல்லிப் பார்த்தாய். "அப்பா, இங்க அஞ்சு மணிக்கு ஃபுல் வெயில் நிக்குது. எல்லாரும் வெளியதான் இருக்காங்க" என்றாய். ஊர் மாறினால் உடனே சாக்கு மாறுகிறதே என்று கத்தினேன். வெயில் அடித்தால் என்ன, இருட்டினால் என்ன, மணி ஐந்துதானே என்றேன். நாட்டுக்கெல்லாம் ஒரே கடிகாரம்தான். ஆனால் சூரியனுக்கு அந்தக் கடிகாரம் தெரியாது என்பது, முப்பது வருஷம் வெயிலைப் பார்த்தே படகோட்டிய எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு நீ வெயிலைப் பற்றிப் பேசவில்லை. இருட்டிவிட்டதா என்று தினமும் கேட்பேன். ஆமாம் அப்பா என்பாய்.

ஒரு மாதத்தில் உன் குரல் சிறுத்துக்கொண்டே வந்தது. சாப்பிட்டாயா என்றால் ம். சிநேகிதம் யாராவது உண்டா என்றால் எல்லாரும் உண்டு. என்ன படித்தாய் என்றால் பாடம். சேற்றுக் குமிழிக்கு மத்தியானம் முழுவதும் கணக்கு எழுதிய பிள்ளை கல்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உன் அம்மா பயந்தாள். நானும் பயந்தேன். ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்வதற்காகத்தான் இவ்வளவு காகிதம். என் மனதின் ஒரு மூலையில் சந்தோஷமாக இருந்தது. நான் சொன்ன கல்லூரி இல்லை அல்லவா, நீயாகத் தேர்ந்தெடுத்தாய் அல்லவா, பார் என்று ஒரு அற்பச் சந்தோஷம். கூடவே, பிள்ளை திரும்பி வந்துவிடும் என்ற பெரிய சந்தோஷம். போர்ட் பிளேரில் ஒரு கல்லூரிக்குப் போய், நடுவில் சேர்த்துக்கொள்வீர்களா என்று நானே கேட்டேன், சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். உன்னிடம் கேட்கவில்லை. "ஒங்க ஆசைக்கு அவளக் கூட்டிட்டு வராதீங்க. அவ வாய் தொறந்து கேட்டாளா?" என்றாள் உன் அம்மா. கேட்க வேறு வேண்டுமா, எனக்குத் தெரியாதா என்று எரிந்து விழுந்தேன். அப்பாவுக்குத் திடீரென்று லீவு கிடைத்தது, உன்னைப் பார்க்க ஆசையாக இருந்தது, அதனால் வந்தேன் என்றுதானே நீ இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய்? நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன். என் சட்டைப் பையில் திரும்பி வரும் கப்பலுக்கு இரண்டு டிக்கெட் இருந்தது. ஒன்றில் உன் பெயர்.

அந்தப் பயணத்தைப் பற்றி நான் உன்னிடம் வேடிக்கையாகத்தான் சொல்லியிருக்கிறேன். வேடிக்கை இல்லை அது. ஐம்பத்திரண்டு வயதில் நான் முதன்முதலாக ரயிலைப் பார்த்தேன். சென்னை ஸ்டேஷனில் அது வந்து நின்றபோது, இதற்கு முடிவு எங்கே இருக்கிறது என்று பார்க்க பிளாட்பாரத்தின் கடைசிவரை நடந்து போனேன். ஏறி உட்கார்ந்தபின் ஜன்னலை விட்டு நகரவில்லை. நம் ஊரில் எந்த ரோடும் கொஞ்ச தூரம் போனதும் தண்ணீரில் போய் முடியும், அங்கே ஒரு ஃபெர்ரி நிற்கும். அது என் ரத்தத்தில் ஊறிய கணக்கு. இப்போது தண்ணீர் வரும், இப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், நிலம் போய்க்கொண்டே இருக்கிறது. பாலத்துக்கு அடியில் ஆறு வந்தால் அதில் பாதி மணல். மறுநாளும் நிலம். அதற்கு மறுநாளும் நிலம். எதிர் சீட்டில் இருந்த மராட்டிக்காரர் நான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, எங்கே போகிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். மகளிடம் என்றேன். இவ்வளவு தூரத்தையும் பதினெட்டு வயதில் என் மகள் என்னைவிட முன்னால் கடந்து போயிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாலரை மணிக்கு உன் கல்லூரி வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். நான் வருவது உனக்குத் தெரியாது. வெயில் உச்சந்தலையைப் பிளந்தது. நம் ஊர் மூன்று மணி வெயில். கைக்கடிகாரம் நின்றுவிட்டதோ என்று காதில் வைத்துப் பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. கையில் சின்னச் சுத்தியலும் முதுகில் பையுமாகப் பத்துப் பதினைந்து பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஒரு பழைய வேனில் ஏறினார்கள். அதில் நீ இல்லை. பெண்கள் விடுதிக்கு எதிரே வேப்பமரத்தடியில் போய் நின்றேன். வாசலில் பெண்பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டு ஏதோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். உலகத்துக்கே பகல். அப்போது என் போன் அடித்தது. சரியாக ஐந்து.

"அப்பா, ரூமுக்கு வந்துட்டேன்" என்றாய். டக்கென்று தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

எனக்கு எப்போதும் கேட்கும் கேள்வி தானாக வாயில் வந்துவிட்டது. "இருட்டிட்டாம்மா?"

"ஆமாப்பா, இருட்டிட்டு. நீங்க போய்ச் சாப்பிடுங்க."

அந்தச் சாயங்காலம் பிறகு உன்னை வந்து பார்த்தபோது, இப்போதுதான் இறங்கினேன் என்று உன்னிடம் பொய் சொன்னேன். உண்மையில் உன் விடுதிக்கு எதிரே அந்த வெளிச்சத்தில் நின்றுகொண்டுதான் உன் பதிலைக் கேட்டேன். மகளே, என் வாழ்க்கையில் என்னை அப்படி யாரும் அடித்ததில்லை. நீ எனக்குப் பொய் சொன்னாய் என்பதற்காக இல்லை. எனக்குச் சாப்பாடு இறங்க வேண்டும் என்பதற்காக, நீ ஒவ்வொரு நாளும் பட்டப்பகலில் உன்னைப் பூட்டிக்கொண்டு, இருட்டிவிட்டது என்று சொல்லியிருக்கிறாய். நாலரைக்கு எழுந்து பழகிய தீவு உடம்பு உனக்கு. அங்கே விடிவதற்கு ஆறரை ஆகும். விடியும்வரை இருட்டில் ஒருத்தியாக விழித்திருந்து, மற்றவர்கள் கூடிச் சிரிக்கும் நேரத்தில் கதவுக்கு உள்ளே இருந்து, அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் பேச உட்காரும்போது நீ தூங்கிவிடுவாய். பிறகு உனக்கு எங்கேயிருந்து சிநேகிதம் வரும்? கல்லூரி உனக்கு ஒத்துவரவில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். என் கட்டளைதான் கல்லூரிக்கு ஒத்துவரவில்லை.

கால் போன போக்கில் நடந்து உங்கள் டிபார்ட்மெண்டுக்குப் போனேன். புடவை முந்தானையெல்லாம் புழுதியாக ஒரு பேராசிரியர் அம்மா மேஜை முழுவதும் கல்லைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் உன் அப்பா என்றதும் எழுந்து நின்றார். நம் தீவு இந்தியைக் கேட்டு அவருக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது, ஆனாலும் நன்றாகப் பேசினோம். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றுதான் அவர் முதலில் கேட்டார். உன்னைப் போலக் கேள்வி கேட்கும் பிள்ளை அந்த வகுப்பில் இல்லையாம். ஆனால் தினமும் வேன் கிளம்பும் நேரத்துக்கு எழுந்து போய்விடுகிறாயாம். "பகல்ல, நாங்க கல் பாக்கப் போற குன்றுல கால் வைக்க முடியாது. வெயில் தணிஞ்சப்புறம்தான் எங்க படிப்பே ஆரம்பிக்குது. அவ அந்த நேரத்துக்கு ஒரு நாள்கூட இருந்ததில்ல" என்றார். அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நாளைக்கு அவள் வருவாள் என்றேன்.

மறுநாள் உனக்கு ஞாபகம் இருக்கும். நானும் அந்த வேனில் வரட்டுமா என்று கேட்டபோது அப்பாவுக்கு வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்பது போலப் பார்த்தாய். குன்றுக்கு அடியில் இறங்கினோம். ஐந்து மணி ஆனதும், நான் உன் பக்கத்திலேயே நிற்கும்போது, உன் கை தானாகப் போனை எடுத்தது. எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாய். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகு உன் வகுப்புப் பிள்ளைகளோடு நீ மேலே ஏறினாய். புல் பூண்டு இல்லாத, எலும்பாகக் காய்ந்த மண். ஒரு சொட்டுத் தண்ணீர் கண்ணுக்கு எட்டியவரை இல்லை. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து என்னைக் கத்திக் கூப்பிட்டாய். சேர்ந்து இரண்டு மாதத்தில் உன் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்கவில்லை. ஏறி வந்தேன். பாறையில் சுருள் சுருளாக ஒரு சிப்பி, தட்டு அகலத்துக்கு, கல்லாகவே ஆகிக் கிடந்தது. அதன் வரிகள்கூட அழியவில்லை. என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தாய்.

"அப்பா, நாம நிக்கிறது கடலுக்கு அடியில. மத்லப், அதாவது அப்போ இது கடல். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால" என்றாய்.

நான் நம் கடலை விட்டு நாலு நாள் தள்ளி வந்திருக்கிறேன். ஆயுள் முழுவதும் கடல்மேல் போய்வந்தவன், கடலைப் பற்றி எனக்கு யாரும் புதிதாக எதுவும் சொல்ல முடியாது என்று நினைத்திருந்தவன். அந்த வறண்ட மேட்டில் நின்று என் மகள் எனக்குக் கடலைக் காட்டினாள். கும்பிட வேண்டும் போல இருந்தது, யாரை என்று தெரியவில்லை. இங்கே அலை அடித்திருக்கிறது, பிறகு தண்ணீர் போயிருக்கிறது, இந்தச் சிப்பி அத்தனை காலமும் இங்கேயே படுத்திருக்கிறது. இதெல்லாம் இந்தப் பூமியில் நடந்துகொண்டே இருந்திருக்கிறது, அதைப் படிக்கத் தெரிந்த கண் என் வீட்டிலிருந்து வந்திருக்கிறது. நீ அடுத்த பாறைக்கு ஓடிவிட்டாய். ஒரு ராஜஸ்தான் பெண் உனக்குக் கீழேயிருந்து கை கொடுத்தாள், நீ அவளிடம் ஏதோ சொல்ல இரண்டு பேரும் சிரித்தீர்கள். ஏழு மணிக்கும் வெளிச்சம் இருந்தது. சூரியன் ஏழு மணிக்கு மறைவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். என் பிள்ளைக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரத்தை நான் இரண்டு மாதமாக எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் உன்னிடம் அன்றைக்கு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இனிமேல் ஐந்து மணிக்குப் போன் செய்யாதே, வேலை முடிந்ததும் செய், தாழ்ப்பாள் சத்தமெல்லாம் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அதையும் கோபமாகச் சொன்னேன். நீ சரிப்பா என்றாய். சென்னைக்கு வந்ததும் உன் பெயர் போட்ட டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த அம்மா, பயணி வரவில்லையா என்று கேட்டார். வரவில்லை என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு ஓரமாகப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். பாராடாங்கில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது உன் அம்மா ஜெட்டிக்கு வந்திருந்தாள். எனக்குப் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும் அவள் முகம் வாடியது, உடனே மலர்ந்தது, இரண்டும் ஒன்றாக எப்படி ஒரு முகத்தில் வந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. "நல்ல வேல செஞ்சீங்க" என்றாள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. ஒரு கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அப்பாவுக்குத் தெரியும் என்று நீ நம்புகிறாய். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதுவும் வேப்பமரத்தடியில் நின்று தெரிந்துகொண்டது. போய்ப் பார்க்க முடிந்தால் வகுப்பு முடிந்த நேரத்தில் போய்ப் பார். பிள்ளைகள் மணி அடித்ததும் கலைந்துவிடுகிறார்களா, இல்லை ஏதோ ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே நிற்கிறார்களா என்று பார். பேராசிரியரின் துணியில் புழுதி இருக்கிறதா என்று பார். போக முடியாவிட்டால் அங்கே படிக்கிற யாரையாவது போனில் பிடித்து, சாயங்காலம் என்ன செய்வீர்கள் என்று கேள். சேர்ந்த பிறகு, முதல் மாதம் உடம்பு வேறு கடிகாரத்தில் ஓடும், அதற்குப் பயந்துவிடாதே. தூக்கம் வந்தாலும் கொஞ்ச நேரம் மற்றவர்களோடு உட்கார். குளிர் தேசத்துக்குப் போவதாக இருந்தால் கம்பளி அங்கேயே வாங்கு, நம் போர்ட் பிளேர் கடையில் விற்பதை வைத்துக்கொண்டு பனியில் இறங்காதே. கஷ்டம் என்றால் கஷ்டம் என்று சொல். என் சாப்பாட்டுக்காக இருட்டிவிட்டது என்று இனி ஒரு நாளும் சொல்லாதே.

இனி நீ கேட்ட கேள்வி. உன் அம்மாவும் நானும் ஒன்றும் சாகக் கிடக்கவில்லை. முழங்கால் வலிக்கிறது, அவ்வளவுதான். ஜெட்டியில் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், உட்கார்ந்துகொண்டே எல்லோரையும் திட்டுகிறேன், வேலை நன்றாகத்தான் நடக்கிறது. இதற்காக நீ மின்னி பேக்கு வர வேண்டாம். போர்ட் பிளேர் படிப்புத்தான் பிடித்திருக்கிறது என்றால் வா, ஓடி வா. ஆனால் உனக்கு எது பிடித்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது, உனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் சொன்னால் நீ கேட்பாய். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏனென்றால் நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும். எனக்கு நீ இங்கே வர வேண்டும். சனிக்கிழமைதோறும் பஸ்ஸோடு ஃபெர்ரியில் வந்து இந்த ஜெட்டியில் இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு உன் அம்மாவோடு நீ நடந்து போவதை நான் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். இதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் சட்டைப் பையில் இரண்டு டிக்கெட்டோடு வந்தவன் இன்னும் அப்படியேதான் இருக்கிறான். அவனிடம் போய் எந்தக் கல்லூரி என்று கேட்காதே.

நீயே முடிவு செய். முடிவு செய்ததும் முதலில் கல்லூரிக்கு எழுதி அனுப்பிவிடு. அதற்குப் பிறகு எனக்குப் போன் செய்.

அப்பா